பாதியில் வந்த பொன்னாடை

எனக்குப் பெரிய குரல். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆபீஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன். வாதியோ பிரதிவாதியோ சாட்சியோ, யாராக இருந்தாலும் வராந்தாவில் நின்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவன்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவான். உள்ளே யாராவது பேசிச் சத்தம் போட்டால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன், அடங்கிவிடும். இந்தக் குரலையும் பார்வையையும் நம்பித்தான் என் தங்கச்சி போன தை மாதம் ஒரு பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். நான் அதை அழகாகச் சொதப்பினேன். எத்தனை பேரிடம் சொல்லியும் மனசு ஆறவில்லை என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கச்சி எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். நாங்கள் பிறந்து வளர்ந்தது ராஜபாளையத்தில். அப்பா மில்லில் ஃபிட்டர். இவள் படித்த பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஒருவர் வயலின் சொல்லிக்கொடுத்தார். உட்கார்ந்து வாசிக்கிற நம் கச்சேரி வயலின் இல்லை. நின்றுகொண்டு, தோளில் ஏற்றித் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிக்கிற வெள்ளைக்காரர் முறை. வாரம் இரண்டு நாள் படித்ததை இவள் விடாமல் பிடித்துக்கொண்டு சென்னை வரைக்கும் போய்விட்டாள். பகலில் சினிமா ரெக்கார்டிங். மற்ற நேரத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா. ஆர்கெஸ்ட்ரா என்றால் எங்கள் ஊரில் கல்யாண வீட்டுப் பாட்டுக் கச்சேரி. அதனால் "தங்கச்சி ஆர்கெஸ்ட்ராவுல இருக்கா" என்று சொன்னால், "பாடுவாளா, ஆடுவாளா?" என்று கேட்பார்கள். இதுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தனியாக வாசிக்கிற வாய்ப்பு வந்தது. நாற்பது பேரும் பின்னால் துணைக்கு வாசிக்க, இவள் ஒருத்தி முன்னால் நின்று வாசிக்க வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் ரயில் ஏறி சென்னைக்குப் போனோம். அந்த மாதிரிக் கச்சேரியை நான் பார்த்ததே அதுதான் முதல் தடவை. ஏசி ஹால், பட்டுப்புடவையைக்கூடச் சரசரக்க விடமாட்டேன் என்கிற கூட்டம். வாசிக்க வேண்டியது மூன்று பகுதி. முதல் பகுதியை வெளுத்து வாங்கினாள். முடித்ததும் வயலினைத் தோளிலிருந்து இறக்கினாள். ஒருத்தரும் கை தட்டவில்லை. நடுவில் தட்டக் கூடாதாம், அதுதான் முறையாம். ஹால் அப்படியே உறைந்து கிடந்தது. எங்கேயோ ஒருத்தர் இருமினார். இவள் மறுபடி வயலினைத் தூக்கி வைத்தாள். வில்லைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றது. முன்னால் நின்று குச்சியை ஆட்டி அத்தனை பேரையும் நடத்துகிறவர் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்த இடத்தில் என் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். செத்த நேரம் கழித்து இவள் திரும்பி உள்ளே நடந்து போய்விட்டாள். அம்புட்டுதான்.

அதற்கப்புறம் தனியாக வாசிக்கக் கேட்டால் மாட்டேன் என்றுவிட்டாள். கடைசி வரிசையில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு நாள் போனில் அவளாகவே சொன்னாள்.

"வாசிக்கிறப்பப் பயமே இல்லக்கா. நிறுத்தின பொறவு ஒரு அமைதி வருது பாரு, அதுலதான் போச்சு. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அடுத்தாப்புல கையை எப்படி அசைக்கணும்னே மறந்து போச்சு."

"சரி விடு, சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ராஜபாளையத்திலிருந்து அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு அழைப்பு போனது. ஊரில் ஒரு விழாக் குழு. அதன் தலைவர் ஒரு மில் முதலாளி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எல்லாரும் அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போனபோது இப்படி ஒரு கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊரிலும் ஒரு தடவை நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நம் ஊர்ப் பெண் ஒருத்தி அதில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் விடுவாரா? "நம்ம அம்மாயிதான் முன்னால நின்னு வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டார். அம்மாயி என்றால் தெலுங்கில் பெண் பிள்ளை. நடத்துகிறவரும் தங்கச்சியைக் கூப்பிட்டு, "இதையும் வேண்டாம் என்றால் இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன்" என்றாராம்.

கச்சேரிக்கு மூன்று நாள் முன்னாலேயே இவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து வாசிப்பாள். தோசை ஊற்றி வைத்தால் பாதி தின்பாள், பாதியை மூடி வைப்பாள். இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, இப்படித் தின்னாம கொள்ளாம வாசிச்சா மேடையில மயங்கி விழத்தான் செய்வ."

"விழுந்தாலும் பரவால்லக்கா. நிக்கத்தான் கூடாது. இந்தத் தடவையும் பாதியில நின்னுட்டேன்னா வயலினைப் பெட்டியில வச்சுப் பூட்டிருவேன். பொறவு தொட மாட்டேன்."

சும்மா சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதில் அவளுக்கு என்று இருப்பது அந்த ஒரு பெட்டிதான். கல்யாணம் வேண்டாம் என்றாள், சரி என்றோம். அந்தப் பெட்டியும் பூட்டிக் கிடந்தால் இவள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்?

அன்றைக்குத்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தாள். "நம்ம ஊர்ச் சனம் நடுவுல கை தட்டும்க்கா. அது கூடாது. மூணு பகுதியும் முடிஞ்ச பொறவுதான் தட்டணும். உன் குரல்ல சொன்னாக் கேப்பாங்க. நீ சொல்லிரு."

"அமைதிதான உனக்கு ஆகாது? அதை நானே உண்டாக்கிக் குடுக்கணுமாக்கும்?"

"ஆகாதுதான். ஆனா அதுதான் முறை."

நல்லா இருக்கே கதை என்று நினைத்துக்கொண்டேன். சரி என்று சொன்னேன்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். நான் மத்தியானமே பஸ் ஏறிப் போய்விட்டேன். கையில் நாற்பது பேருக்கு நாற்பது பால்கோவா பொட்டலம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி வெறுங்கையோடு எங்கே போனாலும் எங்களைக் கஞ்சம் என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் ராஜபாளையத்துக்காரர்களிடம் அந்தப் பேர் வாங்க நான் தயாராக இல்லை. மண்டபத்தில் மணவறை போடுகிற இடத்தில் நாற்காலிகளும் ஸ்டாண்டுகளும் நின்றன. சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசம். நடத்துகிறவர் மேலே சுற்றுகிற ஃபேன்களைக் காட்டி, ஸ்டாண்டில் வைக்கிற பாட்டுக் குறிப்புக் காகிதமெல்லாம் பறக்கும், நிறுத்துங்கள் என்றார். அய்யா, ஃபேனை நிறுத்தினால் சனம் எழுந்து போய்விடும் என்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் பக்கத்துக் கடைக்குப் போய்த் துணி காயப்போடுகிற கிளிப் ஐந்து டஜன் வாங்கி வந்து கொடுத்தேன். நாற்பது ஸ்டாண்டிலும் பச்சை, மஞ்சள், ரோஸ் என்று கிளிப் மாட்டினார்கள். ஃபேன் ஓடியது. எனக்கே என்னைப் பாராட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்தத் தெம்பில் இருக்கும்போதுதான் அய்யா என்னிடம் வந்தார்.

"ஏம்மா, பொன்னாடை எப்பப் போத்தணும்?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் மேடை ஏறினவர் யாராக இருந்தாலும் பொன்னாடை இல்லாமல் இறக்கமாட்டோம். அதிலும் சூட்டோடு சூடாகப் போர்த்த வேண்டும். வாசித்து முடித்து, ஆள் வியர்வையைத் துடைக்கிறதுக்கு முன்னால் தோளில் விழ வேண்டும். எல்லாம் முடிந்து, மைக்கில் பேர் வாசித்து, ஆற அமரப் போர்த்தினால் அது ஒப்புக்குப் போர்த்தினது. அய்யா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

"முடிஞ்ச ஒடனே போத்தணும். முடிஞ்சிருச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் யோசிக்கவே இல்லை. "பின்னால இருக்கவங்களும் நிறுத்தி, முன்னால நிக்கிறவங்களும் வாத்தியத்தைக் கீழ எறக்கிட்டா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் அய்யா."

நான் பார்த்திருந்தது ஒரே ஒரு கச்சேரி. அதில் அவள் வயலினை இறக்கினதோடு எல்லாம் முடிந்து போயிருந்தது. முதல் பகுதி முடிந்தாலும் இறக்கத்தான் செய்வார்கள் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை.

சாயந்திரம் மண்டபம் நிறைந்துவிட்டது. மில்லில் வேலை செய்கிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எங்கள் கோர்ட்டிலிருந்தே வக்கீல்கள் நாலைந்து பேர். நான் மைக்கைப் பிடித்து, "எல்லாம் முடிந்த பிறகுதான் கை தட்ட வேண்டும், நடுவில் தட்டக் கூடாது, போனை அமர்த்திவிடவும், பிள்ளை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போகவும்" என்று கோர்ட் குரலில் சொன்னேன். மைக் கீச்சென்று கத்தியது. "மூணு தடவை சொல்லுங்கம்மா, அப்பத்தான் செல்லும்" என்று ஒரு வக்கீல் கத்த, ஒரே சிரிப்பு. முறைத்தேன். அடங்கியது.

முதலில் நாற்பது பேரும் சேர்ந்து ஒன்று வாசித்தார்கள். அடுத்து ஒரு பையன் முன்னால் வந்து வெள்ளிப் புல்லாங்குழலில் சின்னதாக ஒன்று வாசித்தான். ஒரே பகுதிதான். முடிந்தது, குழலை இறக்கினான், அய்யா விறுவிறுவென்று மேடை ஏறிப் பொன்னாடையைப் போர்த்தினார். பொன்னாடையைப் பார்த்ததும் சனம் முடிந்தது என்று தெரிந்துகொண்டு தட்டியது. எவ்வளவு ஒழுங்கு! சுவரோரம் நின்றிருந்த நான் என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

பிறகு தங்கச்சி வந்தாள்.

மாம்பழக் கலர் புடவை. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வயலினைத் தோளில் ஏற்றி, கண்ணை மூடித் திறந்து, நடத்துகிறவரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜெர்மனியில் யாரோ ஒருத்தர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதினதாம். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் மூன்று நாளாகப் பின்கட்டிலிருந்து கேட்டது எல்லாம் இப்போது நாற்பது பேர் துணையோடு வந்தபோது, ஏ அப்பா, இதுக்குத்தானா இவள் தோசையை மூடி வைத்தாள் என்று இருந்தது. விரல் ஓடுகிறது, வில் பறக்கிறது, முன்வரிசைப் பெண்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் அது முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது. முடிந்தால் அந்த அமைதி வருமே.

முடிந்தது. நாற்பது பேரும் ஒரே வெட்டாக நிறுத்தினார்கள். இவள் வயலினை இறக்கினாள்.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சென்னையில் பார்த்ததை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

திடீரென்று கை தட்டுகிற சத்தம்! ஒன்று, இரண்டு, பிறகு மண்டபமே இடிகிறாற்போல. பின்னால் ஒருத்தன் விசில் வேறு. எவன்டா அவன் என்று கண்ணைத் திறந்தேன். மேடையில் அய்யா. கையில் பொன்னாடை. அவருக்குப் பின்னால் நினைவுப் பரிசோடு குழு ஆட்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் போட்டோக்காரர். அட கொடுமையே! நான் சொன்னதை அந்த மனுசன் எழுத்து பிசகாமல் செய்துகொண்டிருந்தார்.

ஓடிப் போய்த் தடுக்க வேண்டும். கத்தவாவது வேண்டும். வாயைத் திறந்தேன். ரோட்டைத் தாண்டிக் கேட்கிற என் குரல், அன்றைக்குத் தொண்டையை விட்டு வரவில்லை. காற்றுத்தான் வந்தது. நடத்துகிறவர் கையில் குச்சியோடு சிலை மாதிரி நிற்கிறார். வாசிக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். அய்யா பொன்னாடையை உதறி விரித்து, தங்கச்சியின் தோளில் போர்த்தி, போட்டோவுக்கு முகத்தைத் திருப்பினார். கெடுத்தேன், நானே என் வாயால் கெடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது திரும்பி உள்ளே நடந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

தங்கச்சி குனிந்து தோளில் கிடந்த ஜரிகையைப் பார்த்தாள். அய்யாவைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"அய்யா, இன்னும் ரெண்டு பகுதி பாக்கி இருக்கு."

அய்யாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் மனுசன் ஊர்த் தலைவர், அசந்துவிடுவாரா? "அதனால என்னம்மா, அதுக்கும் போத்திருவோம்!" என்றார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. வாசிக்கிற நாற்பது பேரும் சிரித்தார்கள். சிலையாக நின்ற நடத்துகிறவரும் முகத்தைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார். தங்கச்சி பொன்னாடையை எடுத்து மேடையிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வயலின்காரர் மடியில் போட்டாள். அய்யா இறங்கினாரோ இல்லையோ, சிரிப்பு இன்னும் ஓயவில்லை, பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கின்றன, நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன, அந்த இரைச்சலுக்குள்ளேயே இவள் வயலினைத் தூக்கினாள். வில்லை வைத்தாள். கை அசைந்தது.

கை அசைந்ததை நான் பார்த்தேன். சுவரில் அப்படியே சாய்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிப் பாதி பாட்டிலைக் காலி பண்ணினேன்.

அந்த இரண்டாம் பகுதி மெதுவானது. சனம் அதன் பாட்டுக்கு அடங்கியது. நான் யாரையும் முறைக்கவில்லை. ஃபேன் சத்தத்துக்கு மேலே அந்த ஒற்றை வயலின் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அது முடிந்து இவள் இறக்கினபோது அய்யா பாதி எழுந்தார், எழுந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உட்கார்ந்தார். இதை மண்டபம் மொத்தமும் பார்த்தது. மேடையில் இருந்து இவளும் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அதோடு மூன்றாம் பகுதிக்குப் போய்விட்டாள். அது ஒரே ஓட்டம், ஆட்டம், கும்மாளம்.

முடித்தாள். நாற்பது பேரும் நிறுத்தினார்கள். வயலின் இறங்கியது.

ஒருத்தரும் கை தட்டவில்லை.

ஒரு தடவை சூடு பட்ட சனம் அல்லவா? இது நிசமாகவே முடிவா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அய்யா பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அறுநூறு எழுநூறு பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் சுவரோரம் நிற்கிற என் மூஞ்சியைப் பார்த்தார்கள். கோர்ட்டில்கூட அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. அந்த அமைதிக்கு நடுவில் தங்கச்சி நின்றாள். வயலின் ஒரு கையில், வில் ஒரு கையில். ஓடவில்லை, நடுங்கவில்லை. அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். கை மேலே வர மறுத்தது. எப்படியோ தூக்கித் தட்டினேன். அதற்கப்புறம் மண்டபத்தில் யாருக்கும் யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அய்யா ஓடிப்போய் இரண்டாவது பொன்னாடையைப் போர்த்தினார். சொன்ன சொல் தவறக் கூடாது என்று யாரிடமோ வாங்கி மூன்றாவதையும் போர்த்தினார். முதலில் போர்த்தினதை அந்த வயலின்காரர் எழுந்து வந்து தன் பங்குக்குப் போர்த்திவிட்டுப் போனார். ஜரிகை மூட்டைக்குள்ளிருந்து அவள் தலை மட்டும் தெரிந்தது.

சாப்பாடு முடிந்து காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினோம். என் வீட்டுக்காரர் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால், நடுவில் வயலின் பெட்டி. எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"அய்யா மேல தப்பு இல்லட்டி. நான்தான் வயலினை எறக்கினா முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன். மெட்ராஸ்ல அப்படித்தான பாத்தேன்."

அவள் பெட்டியின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கடைசியில ஒரு அமைதி வந்துச்சுல்லக்கா, எல்லாரும் உன்னையப் பாத்தாங்களே."

"ஆமா. மன்னிச்சுக்கோ, எனக்குக் கை வரல. அதான் லேட்டாயிருச்சு."

"நீ இன்னும் செத்த நேரம் தட்டாம இருந்திருக்கலாம். எனக்கு நல்லா இருந்துச்சு."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வந்து சேருகிற வரைக்கும் நன்றாக அழுதேன்.